ஈரநிலத்தின் பாஸ்பரஸ் கணக்கை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை ஈரநிலங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜல்லி நிரப்பிய படுகையில் நாணலை நட்டு, அதன் வழியாகக் கழிவுநீரை மெல்ல ஓடவிட்டால் பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமலே நீர் சுத்தமாகிறது என்பதைப் படங்களோடு விளக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஒரு விடுதியின் கழிவுநீர் வந்து சேரும் நாணல் படுகையைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறவள் நான். இந்த முறை வேலை செய்யும் என்பதை அன்றாடம் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன என்று கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் சில ஆண்டுகளில் ஏமாந்துபோவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் பயிருக்கு நாம் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற உரங்கள்தான். அவையே ஏரிக்குள் போனால் பாசியை வளர்க்கும். மற்றதெல்லாம் தாராளமாக இருந்தால் ஒரே ஒரு கிராம் பாஸ்பரஸைக் கொண்டு, உலர் எடையில் சுமார் 100 கிராம் பாசி வளர்ந்துவிடும். அந்தப் பாசி செத்து மக்கும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும். மீன்கள் செத்து மிதக்கும். 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரி ஒன்றைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் கலந்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அதே ஆண்டிலேயே பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாகிப் போனது. மேலிருந்து எடுத்த படத்தில் திரை கட்டிய கோடு வரை பச்சை, அதற்கு அப்பால் பழைய கருநீலம். ஏரிகளைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய படம் அது.

பாசி என்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது. கொதித்தால் அந்த நஞ்சு அழிவதில்லை, நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவுதான் கூடும். 2007இல் சீனாவின் தாய்ஹூ ஏரியிலும் பாசி பெருகி, வூஷி நகரில் சுமார் 20 லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லாமல் போனது.

சரி, ஈரநிலம் இதற்கு என்ன செய்கிறது? நைட்ரஜனில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நல்ல செய்தி இருக்கிறது.

கழிவுநீரில் வரும் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாக இருக்கிறது. ஆக்ஸிஜன் கிடைக்கும் இடத்தில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாத இடத்துக்கு அந்த நைட்ரேட் போனால், வேறு வகை நுண்ணுயிர்கள் அதில் உள்ள ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான். இதுவும் அதோடு போய்ச் சேர்ந்துவிடும். முடிந்தது கதை. படுகையை விட்டே போய்விட்டது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் வெளியாகும், அது புவியைச் சூடாக்கும் வாயு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பெரும்பகுதி தீங்கில்லாத நைட்ரஜனாகத்தான் போகிறது.

காற்று உள்ள இடம், காற்றே இல்லாத இடம் என இரண்டும் வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் அறிவியலாளர் 1950களிலேயே கோரையை வைத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சோதனைகளைத் தொடங்கியவர். மேலிருந்து கீழாக நீர் இறங்கும் படுகையை முதலிலும், பக்கவாட்டில் ஓடும் படுகையை அடுத்தும் வைத்துப் பார்த்தவர். எங்கள் படுகையும் அந்த வழிதான். கழிவுநீர் முதலில் கசடு தங்கும் தொட்டிக்கு வரும். அங்கிருந்து முதல் படுகையின் மேல்பரப்பில் விட்டு விட்டுப் பாயும். ஒரு தடவை பாய்ந்து வடிந்ததும் ஜல்லிக்கு இடையில் காற்று புகுந்துகொள்ளும். அடுத்த படுகையில் நீர் எப்போதும் ஜல்லிக்குக் கீழேயே நிற்கும்; காற்று எட்டாது.

இந்த இரண்டாம் படுகையில் ஒரு நாணலைத் தூரோடு பிடுங்கிப் பாருங்கள். அடியிலிருந்து வரும் ஜல்லி கரிபூசியது போலக் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறுப்பு அது. கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் காற்றுப் பட்டுப் பழுப்பாக மாறும். ஆனால் அதே கறுப்புக்குள் இருந்து வந்த இளம் வேர்களைக் கழுவிப் பார்த்தால் மேல்தோலில் துரு நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். நாணல் தன் தண்டின் குழல் வழியாகக் காற்றை வேருக்கு அனுப்புகிறது. அதில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து பக்கத்தில் இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆக்ஸிஜன் உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரு மயிரிழை தூரத்தில் அடுத்தடுத்து இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் வேரிலிருந்து கசியும் இந்த ஆக்ஸிஜனே எல்லா அம்மோனியாவுக்கும் போதும் என்று நம்பினார்கள். போதாது, அதன் அளவு மிகக் குறைவு. அதனால்தான் விட்டு விட்டுப் பாயும் அந்த முதல் படுகை தேவைப்படுகிறது.

ஆக, நைட்ரஜன் விஷயத்தில் செடி என்பது முக்கியமான துணை, வேலை செய்வது நுண்ணுயிர். கடைசிக் கட்ட வேலைக்கு அந்த நுண்ணுயிர்களுக்குக் கார்பன் வேண்டும், அதாவது தீனி. உதிர்ந்து மக்கும் இலையும் தண்டும் அதைத் தருகின்றன. வயல்களின் வடிகால் நீரில் வரும் நைட்ரேட்டை வடிகட்ட அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஈரநிலங்கள் அமைத்திருக்கிறார்கள். நீர் வடிந்து வரும் மொத்த நிலப்பரப்பில் ஒன்றிரண்டு சதவீதம் இடம்தான் ஈரநிலத்துக்கு. அதிலேயே நைட்ரேட் சராசரியாகப் பாதி அளவு குறைகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாடுகளில் நுண்ணுயிர்கள் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நைட்ரஜனுக்காக ஈரநிலம் கட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கையையும் தூக்கி ஆதரிப்பேன்.

பாஸ்பரஸ் அப்படி இல்லை. சொல்ல வந்த விஷயமே இதுதான்.

பாஸ்பரஸ் வாயுவாகிக் காற்றில் போவதில்லை. படுகைக்குள் வந்த பாஸ்பரஸ் ஒன்று நீரோடு வெளியே போக வேண்டும், அல்லது உள்ளேயே எங்கேயாவது இருக்க வேண்டும். ஜல்லியிலும் மண்ணிலும் உள்ள இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு ஒட்டிக்கொள்ளும், வண்டலில் படியும், கொஞ்சம் செடிக்குள் போகும். பரணில் ஏற்றிய சாமான் வீட்டை விட்டுப் போய்விடவில்லை அல்லவா, அதேதான். பரண் நிறையும் நாள் வரும். அதற்கும் முன்னால், படுகைக்குள் ஆக்ஸிஜன் அறவே இல்லாமல் போனால் துருவாக இருந்த இரும்பு கரையத் தொடங்கும், அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸும் சேர்ந்து நீருக்குத் திரும்பும்.

எங்கள் படுகைக்குப் பார்வையாளர்கள் வந்தால் வெளியேறும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டுவது வழக்கம். கலங்கல் இல்லை, வாடை இல்லை. எல்லாருக்கும் திருப்தி. நான் அதோடு விடுவதில்லை. அதில் கொஞ்சம் எடுத்து அம்மோனியம் மாலிப்டேட் கரைசலையும் அஸ்கார்பிக் அமிலத்தையும் சேர்ப்பேன். அஸ்கார்பிக் அமிலம் வேறொன்றுமில்லை, வைட்டமின் சி. பத்து நிமிடம் பொறுத்தால் நீரில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நீல நிறம் ஏறும். பக்கத்திலேயே உள்ளே வரும் நீருக்கும் அதே சோதனையைச் செய்து வைப்பேன். படுகை புதிதாக இருந்தபோது உள்ளே வரும் நீர் நல்ல நீலமாகும், வெளியே போவதில் நிறம் ஏறியதே தெரியாது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு வெளியேறும் நீரின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஒரு கட்டத்தில் இரண்டு சோதனைக் குழாய்களையும் மாற்றி வைத்தால் எது எது என்று சொல்ல முடியாத நிலை வந்தது. வெறும் கண்ணுக்கு அந்த நீர் முன்பு போலவே தெளிவாகத்தான் இருந்தது.

படுகையைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பாஸ்பரஸ் அருமையாகக் குறைகிறது என்று ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. புது ஜல்லி எந்த ஊரில் கொட்டினாலும் முதல் சில மாதங்கள் பாஸ்பரஸை நன்றாகப் பிடிக்கும். அந்த மாதங்களில் எடுத்த அளவை வைத்து இருபது ஆண்டுக் கணக்குப் போட்டதுதான் தவறு. ஜல்லி நிரம்பிய பிறகு என்ன செய்வது என்று அந்த அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. கேட்டதற்கு, செடி பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தது.

செடி எவ்வளவு பார்த்துக்கொள்ளும்? மனிதர் ஒருவரின் கழிவில் ஆண்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பாஸ்பரஸ் வெளியேறுகிறது. பக்கவாட்டில் நீர் ஓடும் படுகைக்கு ஐரோப்பாவில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நன்றாக வளர்ந்த நாணலை அறுத்து எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம், 10 கிராம் பாஸ்பரஸ் கிடைத்தாலே பெரிது. 10 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து சதுர மீட்டருக்கு 50 கிராம். வந்தது 500 கிராம். பத்தில் ஒரு பங்கு! வெப்ப நாடுகளில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறுக்கலாம், அப்போது இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் பாஸ்பரஸை எடுக்கும் வழி என்று அறுவடையை மட்டும் நம்ப முடியாது.

அந்தப் பத்தில் ஒரு பங்கும் சரியாக அறுத்தால்தான் கிடைக்கும். நாணல் பழுத்துக் காயும்போது இலையில் இருக்கும் சத்தைக் கிழங்குக்கு இறக்கிவிடும். காய்ந்த பிறகு அறுத்தால் வெறும் வைக்கோல்தான் கையில் வரும். பச்சையாக இருக்கும்போதே அறுக்க வேண்டும். அறுத்ததைப் படுகை ஓரத்திலேயே குவித்துவிட்டால் மழை பெய்ததும் சத்து முழுவதும் கரைந்து திரும்ப உள்ளே போகும். தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் மக்க வைத்து வயலுக்குத்தான் அனுப்ப வேண்டும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. நைட்ரஜனை வெளியேற்ற, மக்கும் இலை படுகையில் கிடக்க வேண்டும். பாஸ்பரஸை வெளியேற்ற, அதே இலையை அப்புறப்படுத்த வேண்டும். இரண்டையும் ஒரே படுகையில் முழுசாகச் சாதிக்க முடியாது. முதல் படுகையில் இருந்து வெளிவரும் நைட்ரேட் நீரில் ஒரு பகுதியைக் கசடு தொட்டிக்கே திருப்பி விட்டால், அங்கே இருக்கும் கழிவே கார்பனைத் தந்துவிடும். இலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், நன்றாகவே நடக்கிறது.

பாஸ்பரஸைப் பிடித்து எடுத்துச் செல்ல உலகத்தில் வழி இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் கசடு தொட்டியிலேயே அலுமினிய உப்பை அளவாகக் கலந்து பாஸ்பரஸைப் படிய வைக்கிறார்கள். கசடு அள்ளும் வண்டியோடு அது போய்விடும். நார்வேயில் பாஸ்பரஸை நன்றாகப் பிடிக்கக்கூடிய சுட்ட களிமண் உருண்டைகளைத் தனி வடிகட்டியாக வைத்து, நிரம்பியதும் மாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தனி வடிகட்டி யோசனைதான். முழுப் படுகையையும் தோண்டாமல் ஒரு தொட்டியை மட்டும் காலி செய்து நிரப்பினால் போதும். எடுத்த பொருளை நிலத்துக்கு உரமாகவும் கொடுக்கலாம், அதில் வேறு நச்சுப் பொருள் சேராமல் இருந்தால். பாஸ்பேட் பாறையை வெட்டி எடுத்துத்தான் உலகம் உரம் செய்கிறது. ஏரியில் கொட்டித் தொலைப்பதற்கு அது ஒன்றும் சும்மா கிடைக்கும் பொருள் இல்லை.

இடத்தைத் தாராளமாகக் கொடுத்தால் செடியும் வண்டலுமே பாஸ்பரஸை வெகு தூரம் குறைக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற 1994இல் சட்டம் கொண்டுவந்து, கரும்பு வயல்களிலிருந்து வரும் நீரைச் சுத்திகரிக்கச் செயற்கை ஈரநிலங்களை அமைத்தார்கள். இன்று அவற்றின் பரப்பு 57,000 ஏக்கருக்கும் மேல். எவர்கிளேட்ஸ் நீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே அளவுகோல். எத்தனை கடுமையான அளவுகோல் என்றால், சாதாரணக் கழிவுநீரில் லிட்டருக்குப் பல ஆயிரம் மைக்ரோகிராம் இருக்கும். அவ்வளவு பெரிய ஈரநிலத்தைக் கட்டிய பிறகும், வயலிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று விவசாயிகளுக்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வயலில் அள்ளிக் கொட்டுவதைக் கொட்டிக்கொண்டே இருங்கள், கடைசியில் ஈரநிலம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவில்லை.

கொசு பற்றியும் ஒரு வார்த்தை, கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்களில் அந்தக் கவலை இருந்தது. நீர் ஜல்லிக்குக் கீழே ஓடும் படுகையில் கொசு முட்டையிட வெளியே நீரே கிடையாது. மேலே நீர் தேங்கினால் ஜல்லி அடைத்துக்கொண்டது என்று பொருள். கசடு தொட்டியை உரிய காலத்தில் அள்ளாமல் விட்டதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் ஈரநிலமே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. செக் நாட்டு ஆய்வாளர் யான் விமசால் பல நாடுகளின் ஈரநிலங்களைத் தொகுத்துப் பார்த்து 2007இல் எழுதிய கட்டுரையில், வகையைப் பொறுத்து மொத்த நைட்ரஜன் 40 முதல் 55 சதவீதமும், பாஸ்பரஸ் 40 முதல் 60 சதவீதமும் குறைவதாகச் சொல்கிறார். சுத்திகரிக்காமல் ஏரியில் விழுவதோடு ஒப்பிட்டால் இது சாதாரண விஷயமில்லை. என் வருத்தம் வேறு. நடும் நாளில் எல்லாரும் வருகிறார்கள். பச்சையாக இருக்கும்போது அறுக்க ஆள் கேட்டால், கசடு அள்ள வண்டி கேட்டால், வடிகட்டிப் பொருளை மாற்றப் பணம் கேட்டால், இயற்கை முறைக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். நான் இத்தனை ஆண்டுகளில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கட்டும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்காத ஈரநிலம், பாஸ்பரஸைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டு ஏரிக்குக் கொடுக்கும் தொட்டியாகத்தான் முடியும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. இனி ஏதாவது ஈரநிலம் திறக்கப்படும் செய்தி வந்தால், உங்கள் நிருபர்கள் அங்கே சில விவரங்களைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மொத்த நைட்ரஜன், எத்தனை மில்லிகிராம் மொத்த பாஸ்பரஸ்? வெளியேறும் நீரில் எவ்வளவு? அறுக்கும் நாணல் எங்கே போகிறது? பாஸ்பரஸ் பிடிக்கும் பொருள் எது, அது நிரம்பினால் மாற்றும் பொறுப்பு யாருடையது, அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? பதிலைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்துக்கு ஒருவரை அனுப்பி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். எங்கள் படுகையின் அளவீட்டுப் பதிவேடு தொடக்க நாளிலிருந்து இருக்கிறது. நீலம் கூடிக்கொண்டே போன ஆண்டுகளும், கசடு தொட்டியில் அலுமினிய உப்பு சேர்க்கத் தொடங்கிய பிறகு அது குறைந்த ஆண்டுகளும் அதில் வரிசையாக உள்ளன. உங்கள் நிருபர்கள் கேட்டால் அதைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாணல் படுகைப் பராமரிப்பில் இருக்கும் உங்கள் வாசகி